கூட ஓர் உழக்கு

“தூத்துக்குடித் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்று பத்திரிகையின் ஒரு மூலையில் செய்தி வந்தால், பட்டணத்தில் இருக்கும் நாம் என்ன செய்கிறோம்? மொட்டை மாடியில் காயும் வடகத்தை அவசர அவசரமாக உள்ளே கொண்டு வந்து வைக்கிறோம். “நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா?” என்று குழந்தைகள் நச்சரிப்பதற்குப் பதில் சொல்கிறோம். இரண்டு கிலோ வெங்காயம் கூடுதலாக வாங்கிப் போடுகிறோம். அத்துடன் புயலுக்கும் நமக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்து விடுகிறது!

அந்தக் கூண்டு விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ளுங்கள், சகோதரிகளே. துறைமுகத்தில் ஓர் உயரமான கம்பம் இருக்கும். பகலில் அதில் கூம்பும் உருளையுமாக அடையாளங்களைத் தொங்க விடுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கேற்றுவார்கள். 1, 2 என்றால் எங்கோ தூரத்தில் கடல் கெட்டிருக்கிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரிய அபாயம். இத்தனைக்கும் மேலே 11 என்று ஒரு கூண்டு இருக்கிறது. அது எந்தப் புயலையும் குறிப்பது அல்ல. வானிலை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பு அறுந்து போயிற்று என்பதுதான் அதற்குப் பொருள்!

பார்த்தீர்களா? பெரும் புயலையும் விடப் பெரியது, ஒரு சேதியும் தெரியாமல் போவது. இதை வகுத்தவர் யாரோ, அவர் வீட்டில் யாரோ ஒரு பெண் வாசலைப் பார்த்துக் கொண்டு காத்திருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், காயல்பட்டினத்தில், அந்தப் பதினோராம் கூண்டு என் நெஞ்சிலேயே ஏறி நின்றது. அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

* * *

எனக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலி. புகுந்த ஊர் சென்னை. “தாமிரபரணி, தாமிரபரணி என்று தினம் ஒரு தடவை சொல்கிறாயே, அதை ஒரு தடவை முழுசாகத்தான் காட்டேன்!” என்று என் கணவர் பல வருஷமாகக் கேலி செய்து கொண்டிருந்தார். ஆகவே, ஒரு வாரம் விடுமுறை எடுத்துக் கொண்டு, மலையிலிருந்து கடல் வரை ஆற்றோடு சேர்ந்து நாமும் இறங்குவது என்று தீர்மானித்தோம். படகில் அல்ல. பஸ்ஸிலும், ஆட்டோவிலும், கொஞ்சம் காலாலும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆறு, ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. காவேரியோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தை. ஆனால் அந்தக் குழந்தையின் இடுப்பில் எட்டு வளையம் பூட்டிய மாதிரி எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை. அந்த வளையங்களில்தான் ஜில்லாவின் சோறு இருக்கிறது.

பாபநாசத்தில் குளித்தோம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கினோம். பத்தமடையில் கோரைப் பாய் வாங்கினோம். நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் கண்குளிரப் பார்த்தோம். அல்வாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரை அதோடு நின்று விடும். கிருஷ்ணாபுரத்துச் சிலைகளுக்கு முன்னால் ஒரு மணி நேரம். ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளை மண்ணில் இருந்தபடியே பார்த்தோம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் வீற்றிருந்த புளிய மரத்தடி.

அதன் பிறகுதான் என் கணவர் எதிர்பார்க்காத இடங்கள் வந்தன.

கொற்கை என்றதும் அவர் அலையும் கப்பலும் எதிர்பார்த்தார். கண்டது வயல், வாழை, ஒரு பழைய வன்னி மரம், குளம், ஆடு மேய்க்கும் ஒரு பையன். “இதுவா பாண்டியன் துறைமுகம்? கடல் எங்கே?” என்றார். கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது. கிரேக்கரும் ரோமரும் முத்து வாங்க ஆசைப்பட்ட ஊர் இது. 1968-69-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது சங்குகள் கிடைத்தன. அங்கே எடுத்த கரித்துண்டு ஒன்றுக்குக் கி.மு. 785 என்று வயது கணித்தார்கள். அக்காசாலை என்ற பெயர் அங்கே ஒரு பிள்ளையாரோடு இன்னமும் ஒட்டிக் கொண்டிருக்கிறது. நாணயம் அடிக்கும் சாலை என்று அர்த்தம்.

கடலை விரட்டியது யார் தெரியுமா? நம் தாமிரபரணிதான். வருஷா வருஷம் வெள்ளத்தில் மண்ணைக் கொண்டு வந்து கொட்டிக் கொட்டி முகத்துவாரத்தை மூடி விட்டது. கொற்கை தூர்ந்ததும் வியாபாரம் பழைய காயலுக்குப் போயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கி, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வரும் கப்பல்கள் எல்லாம் தொடும் பட்டணம் என்று எழுதி வைத்த ‘காயல்’ அதுதான் என்று கால்டுவெல் முடிவு கட்டினார். அதுவும் தூர்ந்தது. புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று துறைகள் மாறின. பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒவ்வொருவர் கைக்கும் போன தூத்துக்குடி பெரிதாயிற்று. ஒரே ஆறு, சோறு போட்ட கையாலேயே துறைமுகங்களை ஒவ்வொன்றாக மூடிக் கொண்டு வந்திருக்கிறது. அம்மாக்கள் சில சமயம் அப்படித்தான், இல்லையா?

* * *

டிசம்பர் 16, சனிக்கிழமை, காயல்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். பாளையங்கோட்டையில் என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதியின் வீடு அங்கே. முப்பது வருஷமாக “வாளா, வாளா” என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தவள்.

அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. அரபு நாட்டு வியாபாரிகளோடு நூற்றுக்கணக்கான வருஷ உறவு உள்ள முஸ்லிம் பட்டணம். இயந்திரம் இல்லாத காலத்தில் கப்பல் என்றால் காற்றுத்தானே? கச்சான் காற்றில் வந்தவர்கள் திரும்பிப் போக வாடைக் காற்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் பலர் இங்கேயே கல்யாணம் செய்து கொண்டார்கள். கல்தூண் நிறுத்திய பழைய பள்ளிவாசல்களைப் பார்த்தால் நம் கோவில் மண்டபம் மாதிரியே இருக்கிறது. கட்டியவர்கள் நம் கல்தச்சர்கள் அல்லவா!

பெண்களுக்கு அந்த ஊரில் ஒரு சௌகரியம் உண்டு. கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வீடு பெண்ணுக்கு. இதைக் கேட்டதும் நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். வீடுகளின் பின்புறத்தில் பெண்கள் மட்டும் நடக்கும் சந்துகள் இருக்கின்றன. ‘முடுக்கு’ என்கிறார்கள். தெருவுக்கு வராமலே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய், ஒரு கிண்ணம் சீனி வாங்கி, ஊர் வம்பு முழுவதும் கேட்டுக் கொண்டு திரும்பி விடலாம்!

நாங்கள் சைவம் என்பது சிநேகிதிக்குத் தெரியும். பின்கட்டில் புது அடுப்பு, புதுப் பானை, புது அகப்பை எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். “நீயே உன் கையால பொங்கிக்கோளா. எங்க மேல சந்தேகம் வேண்டாம்” என்று சிரித்தாள். அவளுடைய தாயாருக்கு எண்பது வயதுக்குப் பக்கம். ஊரே அவரை ‘உம்மா’ என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மார்கழி முதல் தேதி. விடியும்போதே மழை. மத்தியானத்துக்கு மேல் என் கணவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்குத் திங்கட்கிழமை அலுவலகத்தில் வேலை. நான் இரண்டு நாள் தங்கி விட்டு வருவதாக முன்பே ஏற்பாடு. திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்து விட்டு, இரவு 8-25-க்குப் புறப்படும் செந்தூர் எக்ஸ்பிரஸில் போய் விடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். குடையைக் கொடுத்தேன். “மார்கழியில் முருகன் நனைகிறார், நான் நனைந்தால் என்ன?” என்று சொல்லிக் கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

எட்டரை மணிக்குத் தொலைபேசியில் பேசினார். “ரயில் கிளம்பி விட்டது. சௌகரியமாக இருக்கிறேன். நீ தூங்கு.”

அதுதான் கடைசிப் பேச்சு.

* * *

அந்த இரவு பெய்த மழையை நான் எப்படிச் சொல்வேன்? காற்றடித்துக் கூரை பறக்கவில்லை. மரம் முறியவில்லை. அது புயலே அல்ல. குமரிக் கடல் பக்கத்தில் வானத்தின் மேலடுக்கில் ஒரு சுழற்சி என்று பிற்பாடு சொன்னார்கள். யாரோ ஆகாயத்தில் அண்டாவைக் கவிழ்த்து விட்டு, அதை நிமிர்த்த மறந்து போன மாதிரி கொட்டிக் கொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலை வரை இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. இந்தக் கணக்கு எவ்வளவு என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால், சென்னைக்கு வருஷம் முழுவதும் சேர்த்தே சுமார் 140 சென்டிமீட்டர்தான். வறண்ட ஜில்லாவான தூத்துக்குடிக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதை விட அதிகமான மழை, ஓர் இரவும் பகலுமாக அந்த ஊர் தலையில் இறங்கியது.

பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. பதினொரு மணிக்கு முற்றத்துத் தண்ணீர் கூடத்துப் படியைத் தொட்டது. கடற்கரை மணல் ஊர். எவ்வளவு பெய்தாலும் உறிஞ்சி விடும் என்றுதான் அவர்கள் நம்பியிருந்தார்கள். அன்று மணலுக்கே வயிறு நிரம்பி விட்டது. நாங்கள் பெண்கள் மூவரும், சிநேகிதியின் பிள்ளையும், அரிசி, மாவு, துணி, குர்ஆன் வைத்திருந்த பலகை, என்னுடைய பத்தமடைப் பாய் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். உம்மாவின் கல்யாணப் பெட்டி மட்டும் கனமாக இருந்ததால் ஏற்ற முடியவில்லை. “போகட்டும், அதுக்கும் ஒரு குளி வேண்டியிருக்கு” என்றார் உம்மா.

விடிந்தது. தெரு ஆறாக ஓடியது. தொலைபேசியில் ஒரு கோடு கூட இல்லை.

பதினோராம் கூண்டு!

முடுக்கில் இடுப்பளவு தண்ணீர். ஆனாலும் பெண்களின் தபால் நிற்கவில்லை. பின்கட்டு ஜன்னலுக்கு ஜன்னல், மாடிக்கு மாடி, சேதி கை மாறி வந்து கொண்டிருந்தது. யார் வீட்டுச் சுவர் விழுந்தது, எந்தப் பள்ளியில் ஜனங்களைத் தங்க வைத்திருக்கிறார்கள், எங்கே பால் கிடைக்கிறது, எல்லாம் வந்தது. பகல் பத்து மணிக்கு நான் பயந்த சேதியும் வந்தது.

“நேத்து ராத்திரி மெட்ராஸ் ரயிலு ஸ்ரீவைகுண்டத்தோட நிக்கிதாம்.”

அரை மணி கழித்து இன்னொரு ஜன்னலிலிருந்து: “ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் தண்டவாளத்தையே தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சாம்.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் தனித்தனியே வைத்துப் பார்த்தால் ஒன்று ஆறுதல், ஒன்று பயம். சேர்த்து வைத்துப் பார்த்தால்? ரயில் முன்னே நின்றதா, தண்டவாளம் முன்னே போயிற்றா? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அந்த ஊரில் ஒருவரும் இல்லை. ஆற்றிலோ வெள்ளம் லட்சம் கன அடிக்கு மேல் என்று பேசிக் கொண்டார்கள். குளங்கள் உடைந்து விட்டன என்றார்கள். ஏரலில் பாலத்துச் சாலை போய் விட்டது என்றார்கள். ஐந்து நாளைக்கு முன் என் கணவர் கால் நனைத்துக் கொண்டு, “சின்ன ஆறுதான், பதவிசாக இருக்கிறது” என்று பாராட்டிய அதே தாமிரபரணி!

நான் அழவில்லை. ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவரை விட்டு நகரவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, தெரியாது. உம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

“மவளே, நின்னுக்கிட்டே காத்திருக்கக் கூடாது. கால் வீங்கிப் போவும். வந்து அரிசியைக் களை.”

“எனக்குப் பசிக்கவில்லை, உம்மா.”

“உனக்கு யாரு சொன்னா? மாப்பிள்ளைக்கு.”

நான் திகைத்துப் போனேன்.

* * *

உம்மா சொன்னதை அவர் வார்த்தையில் சொல்ல எனக்குத் திறமை இல்லை. விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

1964-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். அவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷருக்குக் கொழும்பில் கடை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊர் வருவார். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வருவது வழி. டிசம்பர் 22-ஆம் தேதி வாக்கில் புறப்படுவதாகக் கடிதம் போட்டிருந்தார். அந்த இரவுதான் தனுஷ்கோடிப் புயல். ஊர் போயிற்று. பாம்பன் பாலம் போயிற்று. பிரயாணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டு போயிற்று. பாட்டிமார் வாயால் நாமெல்லாம் கேட்ட கதைதான். ஆனால் நாம் கேட்டது கதை. உம்மாவுக்கு அது வாசல்.

பன்னிரண்டு நாள் ஒரு சேதியும் கிடையாது. தந்தி கொடுத்தால் பதில் இல்லை. வீட்டில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அப்போது அவருடைய மாமியார், கப்பலில் போன புருஷனுக்காக வாழ்நாளில் பாதியைக் காத்திருந்தே கழித்தவர், ஒன்று சொல்லிக் கொடுத்தாராம். “வர்றவனுக்கு வீட்டுல தினம் ஓர் உழக்கு அரிசி கூடப் போடு. அவன் வந்தா அவன் சாப்பிடுவான். வரலேன்னா, அன்னைக்கு நம்ம வாசலுக்கு எவன் வர்றானோ அவன் சாப்பிடட்டும். நம்ம ஆளுக்கு எங்கேயோ எவளோ அப்படிப் போட்டுக்கிட்டு இருப்பா.”

பன்னிரண்டு நாளும் அப்படியே போட்டார். பன்னிரண்டு நாளும் யாராவது வந்தார்கள். பதின்மூன்றாம் நாள் கடிதம் வந்தது. கடையில் கணக்கு முடியாததால் அவர் கப்பலே ஏறவில்லை! 

“அவுகளுக்கு ஒண்ணும் ஆவல. நாந்தான் அந்தப் பன்னிரண்டு நாளுல பன்னிரண்டு வயசு கிழவியானேன்” என்று சொல்லி உம்மா சிரித்தார். “ஆனா பைத்தியம் பிடிக்கல, பாத்தியா? அரிசி அளக்கிற கைக்குப் பைத்தியம் பிடிக்காது.”

நான் போய் அரிசியைக் களைந்தேன்.

அன்று மத்தியானம் என் புதுப் பானையில் என் கணவருக்காக ஓர் உழக்குக் கூடப் போட்டேன். இரண்டு மணி சுமாருக்குத் தெருவில் சத்தம். பள்ளிவாசலிலிருந்து பையன்கள் கயிறு கட்டி மூன்று பேரை அழைத்துக் கொண்டு வந்தார்கள். பச்சை வேட்டி, கழுத்தில் மாலை. திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போன பக்தர்கள். முந்தின நாள் இரவு முழுவதும் ஒரு கடைத் திண்ணையில் நின்றிருக்கிறார்கள். “உம்மா, இவங்க விரதம். பள்ளியில பிரியாணிதான் போடுது. எங்கேயாச்சும் சைவம் கிடைக்குமா?” என்று கேட்டான் ஒரு பையன்.

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “கிடைக்கும்னு சொல்லு” என்றார்.

சோறும், பருப்பும், நான் கல்லிடைக்குறிச்சியில் வாங்கிய அப்பளமும். மூன்று பேரில் மூத்தவர் இலையின் முன் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கொண்டு, “முருகா!” என்று ஒரு தடவை சொன்னார். அந்த வீட்டின் மாடியில், மழைச் சத்தத்தில், அந்தச் சொல் கேட்டபோதுதான் எனக்கு முதல் முதலாகக் கண்ணீர் வந்தது.

மறுநாள் செவ்வாய். மழை விட்டிருந்தது, தண்ணீர் விடவில்லை. சிநேகிதி ஒரு மூலையில் தாயாரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: “உம்மா, மேல ஏத்துன மூட்டையும் நனைஞ்சிட்டுது. நல்ல அரிசி நாலு படிதான் இருக்கு. கடை எப்ப திறக்கும்னு தெரியாது.”

“அதனாலதான் அளந்து போடச் சொல்றேன்” என்றார் உம்மா. “அள்ளிப் போட்டா நாலு படி. அளந்து போட்டா நாலு நாளு. மாப்பிள்ளை பங்கைக் குறைக்காதே.”

அன்று அதைச் சாப்பிட்டவர்கள் ஓர் உப்பு லாரியின் டிரைவரும் கிளீனரும். உப்பு முழுவதும் கரைந்து போய், வெறும் லாரியோடு நின்ற மனிதர்கள்.

* * *

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்ற சிநேகிதியின் பிள்ளை கத்தினான். அந்த ஒரு மூலையில் மட்டும் தொலைபேசிக்கு உயிர் வந்திருக்கிறது. என் தொலைபேசியைக் கொடுத்து அனுப்பினேன். மேலே போனதுமே அதில் ஒரு சேதி வந்து விழுந்தது. முந்தின இரவு அனுப்பியது.

“வாஞ்சி மணியாச்சி வந்து விட்டோம். நலம். நீ?”

உம்மாவிடம் ஓடினேன். அவர் துள்ளவில்லை, துதிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சாப்பிட்டாராமா?”

சாப்பிட்டிருந்தார். அந்தக் கதையைச் சென்னைக்கு வந்த பிறகுதான் முழுதும் கேட்டேன். பத்திரிகைகளில் நீங்களும் படித்திருப்பீர்கள். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஞாயிறு இரவு ஒன்பதே கால் மணி வாக்கில் ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தது. அதற்கு அப்பால், செய்துங்கநல்லூர்ப் பாதையில், தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்து விட்டது. இரும்பு மட்டும் அந்தரத்தில் ஊஞ்சல் மாதிரி தொங்கியது. சேதி தெரிந்து, ரயிலை நிலையத்திலேயே நிறுத்தி விட்டார்கள். சுமார் 800 பிரயாணிகள். முந்நூறு பேர் வரை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலுமாக இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர். செவ்வாய்க்கிழமைதான் மீட்புப் படையினர் வந்து அழைத்துப் போக முடிந்தது. தண்ணீரிலும் சேற்றிலும் நடந்து, பஸ் ஏறி, மணியாச்சி போய், சிறப்பு ரயிலில் சென்னை.

“நடுவில் என்ன சாப்பிட்டீர்கள், அத்தான்?” என்றேன்.

“புதுக்குடி என்று பக்கத்தில் ஒரு கிராமம். அந்த ஜனங்களுக்கே வெளியே போக வழி கிடையாது. அவர்கள் வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் கொண்டு வந்து, கோவிலில் வைத்துப் பொங்கி, எங்களுக்குக் கொடுத்தார்கள். நான் ஓர் அம்மாவிடம், ‘உங்களுக்கு வேண்டாமா?’ என்று கேட்டேன். ‘நீங்க சாப்பிடுங்க ஐயா. உங்க வீட்டுல உங்களை நெனச்சுக்கிட்டு இருப்பாங்க’ என்று சொல்லி, இன்னொரு கரண்டி போட்டாள்.”

நான் பதில் பேசவில்லை. பேச முடியவில்லை.

* * *

வெள்ளிக்கிழமைதான் காயல்பட்டினத்தை விட்டுக் கிளம்ப முடிந்தது. சுற்று வழியாகத் திருநெல்வேலி. வழி நெடுக வாழைத் தோட்டங்கள் சேற்றில் படுத்துக் கிடந்தன. சுவர் இடிந்த வீடுகளின் வாசலில் பாயும் புத்தகமும் காய்ந்து கொண்டிருந்தன. அந்த வெள்ளத்தில் தென் ஜில்லாக்களில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எனக்கு வந்த சேதி எல்லா வீட்டுக்கும் வரவில்லை என்பதை நான் மறக்க மாட்டேன்.

உம்மாவிடம் விடை பெறும்போது, கல்யாணப் பெட்டியை வெயிலில் திறந்து வைத்து, நனைந்த பட்டுக்களை ஒவ்வொன்றாக உதறிக் கொண்டிருந்தார். அடியில் ஒரு பித்தளை உழக்கு இருந்தது. அவருடைய மாமியார் கொடுத்ததாம். அதை எனக்குக் கொடுத்து விடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கதையில்தான் அப்படி நடக்கும். உம்மா அதைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தார். “உனக்குப் பாளையங்கோட்டையில வாங்கிக்கோ. அங்கே மலிவு” என்றார்!

வாங்கினேன். இப்போது ஐப்பசி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பானையில் தினம் ஓர் உழக்குக் கூட விழுகிறது. தெருக் கூட்டுகிற அம்மாள், தபால்காரர், மாடியில் தனியாக இருக்கும் கல்லூரிப் பையன் என்று தினமும் யாராவது அதற்கு வந்து விடுகிறார்கள். யாரும் வராத நாளில் மறுநாள் காலை என் கணவருக்குப் பழையது. 

“மழை விட்டு ஒரு மாசம் ஆகிறதே, இன்னும் எதற்கு அந்த உழக்கு?” என்று போன தை மாதம் கேட்டார்.

“ஸ்ரீவைகுண்டத்தில் போட்டார்களே, அதற்கு முன்னால் உங்களிடம் கேட்டா போட்டார்கள்?” என்றேன்.

பேசாமல் மோரை ஊற்றிக் கொண்டு சாப்பிட்டார்.